அந்நிய மண்ணில் வழி கேட்டல்

பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கோ ஆவடிக்கோ செல்பவர் வழி தவறினால் கவலையில்லை. எந்தக் கடை வாசலில் நின்று வினவினாலும் நால்வர் நான்கு விதமாக வழி சொல்வர். ஆனால் புனித தெரசம்மாள் பிறந்த அவிலாவுக்கும், புனித யாகப்பரின் பேராலயம் உள்ள சந்தியாகோவுக்கும் திருப்பயணம் செல்லும் நம் முதியோர் ஸ்பெயின் நாட்டில் என் செய்வர்?

அவ்வாறு சென்று திரும்பிய தாயார் ஒருவர் நம்மிடம், "சாமி, பஸ் ஏறுனா தண்ணியே குடிக்க மாட்டேன். ஒதுங்க இடம் எங்கேன்னு கேக்கப் பாஷை தெரியாதே" என்றார். அவர் சர்க்கரை நோயாளி, காலமோ கடுங்கோடை. ஊறுகாய் முதல் செபமாலை வரை ஒரு மாதமாய்ப் பெட்டி கட்டிய வீட்டில், நான்கு சொற்களைக் கற்பிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தோந்தே எஸ்தா எல் பாஞ்ஞோ?" கழிப்பறை எங்கே என்பது இதன் பொருள். 'எல் பாஞ்ஞோ' இருக்கும் இடத்தில் 'லா ஃபர்மாசியா' என்றால் மருந்துக் கடை, 'லா எஸ்தசியோன்' என்றால் இரயில் நிலையம். இறுதியில் 'போர் ஃபவோர்', அதாவது 'தயவுசெய்து', என்று சேர்ப்பது பண்பு. நம் நாவுக்கு இது பாரமன்று. ஸ்பானியருடைய ஞகரமும், பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரமும் நம் அரிச்சுவடியிலேயே உள்ளன.

கேட்பது எளிது, மறுமொழியை விளங்கிக் கொள்வதே கடினம். 'தெரேச்சா' என்றால் வலப்புறம். 'இஸ்கியெர்தா' என்றால் இடப்புறம். 'தோதோ ரெக்தோ' என்றால் நேரே செல்க. மெக்சிகோ முதலிய நாடுகளிலோ 'தெரேச்சோ' என்றாலே நேரே என்று பொருள். ஈற்றெழுத்து ஒன்று மாறினால் வழியே மாறிவிடும்! ஆதலின் சொல்பவரின் வாயைவிடக் கையைப் பார்ப்பது நலம்.

இடப்புறத்தைக் குறிக்கும் அச்சொல் இலத்தீன் வழி வந்ததன்று. பாஸ்கு மொழியோடு உறவுடையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த நம் புனித சவேரியாரின் தாய்மொழியும் பாஸ்கே. இருமொழியும் அறிந்தோரை அருகில் அமர்த்திச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனனம் செய்தே அவர் ஊர் ஊராய்ச் சென்றார்.

நிற்க. கழிப்பறையைக் கண்டடைந்த பின்னும் எச்சரிக்கை தேவை. கதவில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தைக் கண்டு ஆடவர் நுழைந்துவிட வேண்டாம். அது 'முஹேரெஸ்', அதாவது மகளிர். ஆடவருக்குரியது 'எச்'. ஸ்பெயினில் 'அசேயோஸ்' என்றோ 'செர்பிசியோஸ்' என்றோ பலகை இருப்பின் அதுவும் கழிப்பறையே. குழாயில் 'சி' என்றிருந்தால் குளிர்நீர் என்றெண்ணிக் கையை நீட்டலாகாது. 'கலியெந்தே' என்றால் சுடுநீர். குளிர்நீருக்கு 'எஃப்'.

மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவையே அடையாளம். நண்பகலுக்குப் பின் பல கடைகள் சில மணி நேரம் சாத்தியிருக்கும். இரவில் முறை வைத்துத் திறந்திருக்கும் கடையை 'ஃபர்மாசியா தே குவார்தியா' என்பர். அதன் முகவரி மூடிய கடைகளின் வாசலிலும் ஒட்டப்பட்டிருக்கும். நாம் உண்ணும் மாத்திரைக்கு அங்கே வணிகப் பெயர் வேறாயிருக்கலாம். ஆகவே புறப்படுமுன் மருத்துவரிடம் அதன் வேதிப்பெயரைத் தாளில் எழுதி வாங்கிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்க.