மருந்து

மாலை ஐந்து மணி. சிவகாசிக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பட்டாசு ஆலை. வேப்பமரத்தடியில் சிமென்ட் தொட்டி. தொட்டியைச் சுற்றி ஒன்பது பெண்கள்.

எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருக்கிறார்கள். ஒரு சட்டையின் பையில் பள்ளிக்கூட முத்திரை. மகன் போட்டுக் கழித்தது.

முழங்கை வரை வெள்ளி. அலுமினியப் பவுடர். தேய்ந்து வில்லையாகிவிட்ட சோப்பு ஒன்று ஒன்பது கை மாறுகிறது. சாம்பல் நிறத் தண்ணீர் தரையில் விழுந்து, சுவரோரம் ஓடி, வெளியே கரிசலில் இறங்குகிறது. சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. அந்த ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நிற்கிறது.

இங்கே வெடிக்கலவைக்குப் பெயர் மருந்து. மருந்து கலக்கும் அறை. மருந்து அடைக்கும் அறை. வாசலில் செம்புத் தகடு. காலையில் உள்ளே போகிற ஒவ்வொருவரும் தகட்டைத் தொடுகிறார்கள், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க. பள்ளிக்கூட முத்திரைக்காரர் தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

மருந்தில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியம். வானத்தில் நிறம் விரிக்கும் ரகங்களுக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் சேரும். வெள்ளைத் தூள். கரைந்தபின் பெர்குளோரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை. மண்ணில் தங்காது. தண்ணீர் போகிற வழியெல்லாம் கூடவே போகும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர்தான் வற்றும்.

2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதியது. சிவகாசி வட்டாரத்தில் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகள் 57. அமெரிக்கக் குடிநீர் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டியவை 17. அதிகபட்சம் 7,690. ஒப்பிடுவதற்காக மதுரையிலும் எடுத்தார்கள். அங்கே எதுவும் தாண்டவில்லை.

வீட்டு அடுப்படி. உப்புப் பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை. அயோடின் கலந்த உப்பு என்பதற்கு அடையாளம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறது. பெர்குளோரேட் அயோடின் அளவே பருமன் உள்ளது. முதலில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. போதிய அயோடின் இல்லாத கர்ப்பிணியின் உடம்பில் இந்த இடப்போட்டி வயிற்றுப் பிள்ளையின் மூளை வரை போகும்.

1950களில் இதே பொட்டாசியம் பெர்குளோரேட்டை மருத்துவர்கள் மாத்திரையாகக் கொடுத்தார்கள். அளவு மீறிச் சுரக்கும் தைராய்டை அடக்க. அங்கேயும் பெயர் மருந்துதான். எலும்பு மஜ்ஜை செயலிழந்து சிலர் இறந்தபின், 1960களில் பெரும்பாலும் கை கழுவினார்கள்.

விருதுநகர். ஆரம்ப சுகாதார நிலையம். இங்கே வேறொரு மருந்து. செவிலியர் ஓர் அட்டையை நீட்டுகிறார். மாலா-என், கருத்தடை மாத்திரை. வெள்ளை மாத்திரை 21, பழுப்பு மாத்திரை 7. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. வாங்கியவர் அதைக் கைப்பையின் உள் ஜிப்பில் வைக்கிறார். ஜிப்பை இழுத்துவிட்டு, இன்னொரு முறையும் இழுத்துப் பார்க்கிறார்.

வெள்ளை மாத்திரை ஒன்றில் எத்தினில் ஈஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் 30 மைக்ரோகிராம். கனடாவின் ஒன்டாரியோவில் 2001 முதல் 2003 வரை ஆய்வாளர்கள் ஓர் ஏரியில் இதே பொருளைக் கலந்தார்கள். லிட்டருக்கு ஐந்தாறு நானோகிராம். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். ஆண் மீன்களின் உடம்பில் முட்டைக்குரிய புரதம் சுரந்தது. சிறு மீன் இனமொன்று ஏறக்குறைய அற்றுப்போனது. அந்தக் கணக்கில் ஒரு மாத்திரை முழுதும் கரைந்தால் 6,000 லிட்டருக்குப் போதும். ஒரு தண்ணீர் லாரி.

முழுதும் கரைவதில்லை. ஒரு பங்கை உடம்பு சிதைத்துவிடுகிறது. மிச்சம் சாக்கடைக்குப் போகிறது. மாத்திரை போடாதவர்களும் உடம்பில் தானாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனில் தங்கள் பங்கை அனுப்புகிறார்கள். கர்ப்பிணிகள் அதிகமாக, ஆண்கள் கொஞ்சமாக. மாடுகளும்.

கௌசிகா நதி. ஊர்ச் சாக்கடை கலந்து கறுப்பாக ஓடுகிறது. பேருந்து பாலத்தில் ஏறுகிறது. ஜன்னலோரப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைக்கிறார்கள். பாலம் முடிந்ததும் எடுக்கிறார்கள். பேச்சு விட்ட இடத்தில் தொடங்குகிறது.

நதி குல்லூர்சந்தை அணைக்குப் போய்ச் சேருகிறது. கரையில் ஒருவர் வலையை உதறுகிறார். ஜிலேபிக் கெண்டை. பெரியது ஒரு கூடை, சின்னது ஒரு கூடை. ஆண், பெண் என்று யாரும் பிரிப்பதில்லை.

தண்ணீரிலிருந்து ஹார்மோனைப் பிரித்தெடுக்க வழி உண்டு. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் வழக்கமான பாக்டீரியாத் தொட்டிக்குப் பிறகு ஓசோனைச் செலுத்துகிறார்கள், அல்லது கிளர்வூட்டிய கரியில் வடிக்கிறார்கள். ஹார்மோன் கரியில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வகைக் கரி தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் கிடைக்கும். தமிழ்நாட்டுச் சிரட்டைக் கரி கப்பலேறுகிறது.

பெர்குளோரேட் சாதாரணக் கரிக்கு அவ்வளவாக மசியாது. அதற்கு அயனி மாற்றும் பிசின் வேண்டும், அல்லது ஆர்.ஓ. சவ்வு. சில பாக்டீரியாக்கள் அதையே மூச்சாக்கிக்கொண்டு வெறும் குளோரைடாக உடைத்துப் போடும். காற்றில்லாத தொட்டியும் தின்னக் கொஞ்சம் தீனியும் கொடுத்தால் போதும்.

சிவகாசிக்குத் திரும்புகிற வழியில் ஒரு கிராமம். தெருமுனையில் கேன் தண்ணீர்க் கடை. நீலக் கேன்கள் வரிசையாக. கடைக்காரர் ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குகிறார். நிரப்புகிறார். மூடியைக் கைமுட்டியால் இரண்டு தட்டுத் தட்டுகிறார்.

ஆலை வேன் நிற்கிறது. பள்ளிக்கூட முத்திரைச் சட்டை இறங்குகிறது. காது மடலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் வெள்ளி. ஒரு கேனுக்குக் காசு கொடுக்கிறார்.

ஆர்.ஓ. எந்திரத்தின் பின்னால் இரண்டு குழாய்கள். ஒன்று எவர்சில்வர் தொட்டிக்குள் போகிறது. சவ்வு தடுத்ததெல்லாம் மற்றதில் வருகிறது. வேஸ்ட் தண்ணி என்று பெயர். யாரோ அதன் கீழே பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள், பாத்திரம் கழுவ. வாளி நிறைந்து வழிகிறது. வழிந்தது வாய்க்காலுக்குப் போகிறது.

வாய்க்காலின் சிமென்ட் கடைக்குப் பின்புறம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மண். எட்டடி தள்ளி, கடையின் போர்க்குழாய்.