அம்மாவின் மொழி

நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு காலத்தில் தொழிற்கூடமாகவே இருந்தது. பசைக் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்து பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள். நடுவில் அம்மா இருப்பார். பள்ளி வாயிலை மிதித்தறியாதவர். ஆயினும் வீட்டாரிடம் தெலுங்கிலும் வெளியாரிடம் தமிழிலும் இடறாது உரையாடுவார். இந்தக் கரிசல் மண்ணில் பல குடும்பங்களின் வழக்கம் இது. படித்துவிட்ட எனக்கோ அந்த வீட்டுத் தெலுங்கு கூச்சம் தந்தது. அவர் தெலுங்கில் கேட்பார். நான் தமிழில் மறுமொழி சொல்வேன்.

எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் அம்மா மாறினார். உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டார். அடுப்பை அணைக்க மறந்தார். “வேணும்னே செய்றியாம்மா?” என்று சினந்தேன். வயதானால் அப்படித்தான் என்றனர் அயலார். நாளடைவில் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக அவரைவிட்டு அகன்றன. ஒரு மாலை என்னை உற்று நோக்கி, “எவரு நுவ்வு?” என்றார். நீ யார் என்று பெற்றவளே கேட்டபோதுதான் மருத்துவரை நாடினோம்.

மதுரை நரம்பியல் மருத்துவர் அவசரப்படவில்லை. தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு போன்ற, சீராக்கத்தக்க காரணங்கள் உண்டா என்று முதலில் ஆராய்ந்தார். பின்னரே அல்சைமர் என்றார். என் சினம் அத்தனையும் ஒரு நோயாளியின் மீது கொட்டியது என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன்பின் தேடிப் படிக்கையில் டாக்டர் சுவர்ணா அல்லாடியின் பணியை அறிந்தேன். ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையிலும் பின்னர் பெங்களூரு நிம்ஹான்சிலும் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் அவர். பென்சில் பிடித்தறியாத ஒருவரிடம் கடிகாரம் வரையச் சொல்லி அவரது நினைவாற்றலை எடைபோடுவது நியாயமாகாது. எனவே எழுத்தறியாதவர்க்கும் ஏற்ற சோதனைகளை இந்திய மொழிகள் பலவற்றில் உருவாக்கும் பணியில் முன்நின்றார். 2013-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு 648 மறதிநோயாளிகளைப் பற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோய் சராசரியாக நான்கரை ஆண்டு தாமதமாகவே தலைகாட்டியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. இரு மொழி நோயைத் தடுத்துவிடும் என்பதன்று. தள்ளிப்போட உதவக்கூடும் என்பதே அதன் பொருள்.

படித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நான் நாணிய அந்த மொழி, அம்மா எங்களோடு தெளிவாக வாழ்ந்த சில ஆண்டுகளைக் கூட்டித் தந்திருக்குமோ?

நம் நாட்டில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அவர்களுள் எத்தனை பேர் இன்று வீட்டில் வசை கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ!

இப்பொழுது அம்மாவிடம், “நான் யார், சொல் பார்க்கலாம்” என்று கேட்பதில்லை. பழைய அட்டைத் துண்டுகளை அவர் மடியில் வைக்கிறேன். பெயர்களை இழந்த அவர் விரல்கள் மடிப்புகளை இழக்கவில்லை. பெட்டி பெட்டியாக மடிக்கின்றன. அருகமர்ந்து, தட்டுத்தடுமாறி, தெலுங்கில் பேசுகிறேன். என் பிழைகளைக் கேட்டு அம்மா சிரிக்கிறார்.