செருப்பைக் கழட்டிட்டு வாங்க!

நோட்டீஸ் போர்டுல 'கிராம மேம்பாடு: சிறப்புச் சொற்பொழிவு'ன்னு பார்த்ததும் கேன்டீன் பக்கம் நழுவுற ஆளா நீங்க? அப்போ வெள்ளகவிக்கு வாங்க!

1984-ல் தொடங்கின அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிற அதே கொடைக்கானல் மலைதான். வட்டக்கானல், டால்ஃபின் நோஸ் தாண்டி, காட்டுக்குள்ள செங்குத்தா இறங்கணும். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழட்டிடணும். அவ்வளவு கோயில்கள்!

தலைமுறை தலைமுறையா சாலை பார்க்காத ஊர் இது. விளைஞ்ச காபியும் எலுமிச்சையும் குதிரை முதுகுல போகும். யாருக்காவது உடம்பு முடியலைன்னா, டோலி கட்டித் தூக்கிட்டு நடப்பாங்க. பிரசவ வலின்னாலும் அதே டோலிதான்.

1969-ல் ஆரம்பிச்ச நாட்டு நலப்பணித் திட்டத்துல நமக்கு ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேர சேவை, கூடவே ஒரு 7 நாள் முகாம். அதையும் பஸ் நிக்கிற ஊராப் பார்த்தே முடிச்சுட்டா எப்படி பாஸ்?

அடுத்த முகாமுக்கு இப்படி ஒரு ஊரைக் கேளுங்க. வனத்துறை அனுமதி, ஊர்க்காரங்க சம்மதம் ரெண்டும் முக்கியம். மைக், மாலை, பொன்னாடை வேண்டாம். டோலி தூக்கினவங்க பேசட்டும். நாம தரையில உட்கார்ந்து குறிப்பெடுப்போம். அந்தக் குறிப்பு கலெக்டர் ஆபீஸுக்கு மனுவாப் போனா, அதைவிட நல்ல செமினார் ஏது?