சவுக்கு நிழலில் மொரிஷியஸ்

ஃப்ளிக் அன் ஃப்ளாக், மேற்குக் கரை. ரிசார்ட் படியிலிருந்து இறங்கினால் மணல், மணலைத் தாண்டினால் இடுப்பளவுத் தண்ணீர். வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது; அலை உடைவது அங்கேதான். பவளத்திட்டு இந்தத் தீவைக் கிட்டத்தட்ட முழுக்க வளைத்து நிற்கிறது. தெற்கே சூயாக் அருகில், கிரி கிரி என்ற இடத்தில் திட்டு விட்டுப்போயிருக்கிறது. அங்கே கடல் பாறையில் வந்து அறைகிற சத்தத்தைக் கேட்டால், மற்ற இடங்களில் குழந்தைகள் நிம்மதியாகக் குளிப்பதற்கு யார் காரணம் என்பது விளங்கிவிடும்.

அந்தத் திட்டின் மேல்தான் 2020 ஜூலையில் வகாஷியோ கப்பல் ஏறி நின்றது. ஆகஸ்டில் சுமார் 1000 டன் எண்ணெய் தென்கிழக்குக் கரையில் பரவியது. ஊர் மக்கள் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, மிதக்கும் அணைகளாகக் கடலில் விட்டார்கள். கரும்பை வெட்ட ஆள்கள் கொண்டுவரப்பட்ட தீவில், கடலைக் காக்கவும் கரும்பே உதவியிருக்கிறது.

*

இங்கே கடற்கரை பொதுச்சொத்து. சாய்வு நாற்காலிதான் ரிசார்ட்டுக்கு, மணல் எல்லோருக்கும். எனக்கு இந்தத் தீவில் மிகவும் பிடித்த சட்டம் இது. ஞாயிற்றுக்கிழமை சவுக்குத் தோப்புக்குள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். பிரியாணி அண்டா, பாய், பாட்டி, கைக்குழந்தை. சாயங்காலம் யாரோ ரவான் மேளத்தைத் தீயில் காட்டித் தோலை இறுக்குகிறார்கள். பிறகு சேகா ஆட்டம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விட்டுச்சென்ற பாட்டும் ஆட்டமும் அது. வார இரவுகளில் ரிசார்ட் மேடையிலும் ஆடுகிறார்கள். பாவாடை புதிது, விளக்கு பளிச்சென்று இருக்கிறது. ஆனாலும் தோப்புக்குள் பாட்டியும் எழுந்து ஆடுவதற்கு அது ஈடாகாது.

*

காலைச் சாப்பாட்டை ரிசார்ட் பஃபேயில் முடிக்க வேண்டாம். தெருமுனை வண்டியில் தால் பூரி கிடைக்கும். அரைத்த மஞ்சள் பருப்பை உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்தது. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். மேலே மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு, மிளகாய்ச் சட்னி. சுருட்டிக் காகிதத்தில் வைத்து நீட்டுவார்கள். பக்கத்தில் விற்கும் காத்தோ பிமான் நம் பருப்பு வடையேதான். இதை ரொட்டிக்குள் வைத்துத் தின்பது மட்டும் இந்த ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்.

*

லே மோர்ன் மலை, 556 மீட்டர். அடிவாரம் முழுக்க விலையுயர்ந்த ரிசார்ட்டுகள். தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமை முறை ஒழிந்ததை அறிவிக்க வந்த போலீஸ்காரர்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, பலர் பாறையிலிருந்து குதித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நீச்சல் குளத்தில் கிடந்தபடி அண்ணாந்து பார்க்கிற மலை இதுவல்ல. விடியற்காலையில் வழிகாட்டியோடு ஏற வேண்டும். கடைசிப் பகுதி செங்குத்து; கையும் ஊன்ற வேண்டும்.

ஷாமரெல்: ஏழு நிற மண். எரிமலைப் பாறை மக்கி, இரும்பும் அலுமினியமும் தனித்தனியே நிறம் காட்டுகின்றன. அரை மணி நேரம் போதும்.

*

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட். சுற்றுலாப் பேருந்துகள் பலவும் கடைவீதியில் இறக்கிவிட்டுத் திருப்பி அழைத்துக்கொள்கின்றன. அங்கிருந்து நடந்தே வந்துவிடலாம். அடிமைகளுக்கு மாற்றாக, ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் பீகார்ப் பக்கம். சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும். அவர்கள் கரையேறிய 16 கல்படிகள் இங்கே இருக்கின்றன. சாதாரணக் கருங்கல், ஒரு வீட்டுப் படிக்கட்டின் அகலம்கூட அதிகம் இருக்காது. இங்கே நான் வெகுநேரம் நின்றேன். ஒரு நாளாவது கடலை விட்டுவிட்டு இங்கே வர வேண்டும் என்று ரிசார்ட்டில் சந்தித்த தமிழ்க் குடும்பங்களிடமெல்லாம் சொன்னேன்.

கூலிகளுக்கும் முன்பே தமிழர் வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே துறைமுகத்தைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை வரவழைத்தார்.

*

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதன் பிறகு இந்தி. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனது. தமிழர் கொதித்தெழுந்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசையே மீண்டது. 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், தமிழ் வழிவந்த அரசியல் தலைவர். இங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். ஆனாலும் நோட்டில் எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. இதை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

*

அடுத்துப் போகிறவர்களுக்கு: தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை. ஜனவரி, பிப்ரவரி வெயிலும் புயலும் உள்ள காலம்தான். ஆனாலும் போர்ட் லூயிஸ் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலில் அந்த நாளைப் பார்ப்பதற்காகவே பயணத் தேதியை மாற்றலாம். கோயில் விருந்தில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவார்கள். பசியோடு போங்கள்.