சாக்பீஸ் கதவு

கியர்மோ டெல் டோரோவின் 'பான்ஸ் லேபிரிந்த்' (2006) படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் கடைசியில் ஒரு கேள்வியில்தான் போய் நிற்கும். ஒஃபீலியா கண்ட மாய உலகம் நிஜமா, கொடுமை தாங்காத ஒரு சிறுமியின் கற்பனையா? பலரும் 'எல்லாம் குறியீடுதான்' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

கதை நடப்பது 1944இல், ஸ்பெயினில். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடமாகியும் காட்டுக்குள் ஃபிராங்கோவை எதிர்ப்பவர்கள் துப்பாக்கியோடு இருக்கிறார்கள். அவர்களை வேட்டையாட வந்திருக்கும் கேப்டன் விடாலைத்தான் ஒஃபீலியாவின் தாய் மறுமணம் செய்திருக்கிறாள். நிறைமாதக்காரி, படுத்த படுக்கை. கொம்பும் குளம்புமாக வரும் ஃபான் ஒரு மாண்ட்ரேக் வேரைக் கொடுக்கிறது. பால் கிண்ணத்தில் அதைப் போட்டு, தினமும் இரண்டு சொட்டு ரத்தம் விட்டு, கட்டிலுக்கடியில் வைக்கச் சொல்கிறது. வேர் பச்சைக்குழந்தை போலக் கை கால் அசைக்கிறது. தாய்க்குக் காய்ச்சல் இறங்குகிறது. ஏன் என்று மருத்துவருக்கே விளங்கவில்லை. கேப்டன் கிண்ணத்தைக் கண்டுபிடித்துக் கத்துகிறான். மாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சொல்லி, தாயே வேரைத் தூக்கி நெருப்பில் போடுகிறாள். வேர் வீறிடுகிறது. அடுத்த கணம் அவளுக்கு வலி கண்டுவிடுகிறது. பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள்.

தற்செயல் என்று இதைத் தள்ளிவிடலாம். சாக்பீஸை அப்படித் தள்ள முடியாது. ஒஃபீலியாவை அறையில் அடைத்து, வெளியே காவலும் போட்டிருக்கிறான் கேப்டன். அவள் சுவரில் சாக்பீஸால் ஒரு கதவு வரைகிறாள். நேராக அவனுடைய அறைக்குள் போய், கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொள்கிறாள். மேசையில் கிடந்த சாக்பீஸ் துண்டைப் பிறகு கேப்டனே கையில் எடுத்துப் பார்க்கிறான். கற்பனையில் வரைந்த கதவு வழியாக எந்தக் குழந்தையும் காவலைத் தாண்டிப் போய்விட முடியாது.

கேப்டன் கண்ணுக்கு ஃபான் தெரியவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் படத்தில் இருக்கிற அத்தனை கண்களிலும், கொலைகாரன் கண்ணை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை. தன்னைப் பொறுத்தவரை அந்த உலகம் நிஜம் என்று டெல் டோரோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும், படத்தில் வரும் ஒரு பட்டுப்போன மரம் போதும். அது அத்தி. அத்திக்குப் பூ காய்க்குள்ளேதான் இருக்கும், வெளியே தெரியாது. படத்திலோ அதன் கிளையில் வெள்ளைப் பூ விரிகிறது, அதுவும் ஒஃபீலியா செத்த பிறகு. அதைக் கற்பனை செய்ய அங்கே அவள் இல்லை.

பார்க்கப்போனால் இந்தப் படத்தில் குறியீட்டைக் கட்டிக்கொண்டு வாழ்பவன் கேப்டன்தான். போர்க்களத்தில் சாகும்போது தான் செத்த நேரம் மகனுக்குத் தெரியட்டும் என்று அவன் அப்பா தன் பாக்கெட் கடிகாரத்தை உடைத்ததாகப் பேச்சு. அப்பாவிடம் கடிகாரமே இருந்ததில்லை என்று விருந்தில் எல்லார் முன்னாலும் மறுக்கிறான். தனியாக இருக்கும்போதோ அதைக் கழற்றிச் சுத்தம் செய்கிறான். ஒஃபீலியாவுக்குப் பால் பால்தான், ரத்தம் ரத்தம்தான். கிண்ணம் கிண்ணமாக மாற்றி ஊற்றி வேலை பார்க்கிறாள். கடைசியில் போராளிகள் சுற்றி நிற்க, கேப்டனும் கடிகாரத்தை எடுக்கிறான். தான் செத்த நேரத்தை மகனிடம் சொல்லுங்கள் என்று ஆரம்பிக்கிறான். அவன் வீட்டில் வேலைக்காரியாக இருந்து உளவு சொன்ன மெர்சிடஸ் முடிக்க விடவில்லை. உன் பெயர்கூடப் பிள்ளைக்குத் தெரியாது என்கிறாள்.