வண்டியின் பின்பாதி



இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவரும் இவ்விடத்தில் இன்று வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். காரணம் உண்டு. தோட்டப்புறப் பள்ளிகளுக்கு மாற்றலாகிச் செல்லும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “டீச்சர், பிக்கப் வாங்கலாமா, எஸ்.யு.வி. வாங்கலாமா?” கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் ஓர் ஆசிரியரின் வாழ்நாளில் வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய கடன் வண்டிக் கடனே. ஒன்பதாண்டுத் தவணையில் கையொப்பமிட்டால், அவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை மூன்றாம் படிவம் முடிக்கும் வரை அக்கடன் நம்மோடு நடந்து வரும். ஆகவே, சற்றுப் பொறுமையாகவே இதை ஆராய்வோம்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் கணவர் 2016ஆம் ஆண்டில் ஹைலக்ஸ் வாங்கினார். அதே குடியிருப்பில் வசிக்கும் என் அண்ணன் அதே ஆண்டில் ஃபோர்ச்சூனர் வாங்கினார். இரண்டிலும் ஒரே 2.4 லிட்டர் டீசல் இயந்திரம். பகாங் மாநிலத்தில், மெந்தகாப் வட்டாரத்துச் செம்மண் சாலைகளில் இரண்டும் ஓடியிருக்கின்றன. தேவைக்கேற்ப இரு குடும்பங்களும் வண்டிகளை மாற்றி ஓட்டிக்கொள்வது வழக்கம். எனவே, இரண்டையும் வைத்துக்கொள்வது எப்படி என்பதை அனுபவத்தில் அறிவேன்.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். இவ்விரு வண்டிகளும் உடன்பிறப்புகள். டொயோட்டா நிறுவனம் 2004ஆம் ஆண்டில் தாய்லாந்தில் தொடங்கிய ஐ.எம்.வி. திட்டத்தின்கீழ் ஹைலக்ஸ், ஃபோர்ச்சூனர், இன்னோவா ஆகிய மூன்றும் ஒரே அடிப்படையில் உருவாயின. ஏணியைக் கிடத்தி வைத்தாற்போன்ற இரும்புச் சட்டம் கீழே. அதன்மேல் வெவ்வேறு உடல்கள். மற்ற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மிட்சுபிஷி ட்ரைட்டனுக்குப் பஜேரோ ஸ்போர்ட், இசுசு டி-மேக்ஸுக்கு எம்யூ-எக்ஸ், ஃபோர்டு ரேஞ்சருக்கு எவரெஸ்ட் என்று ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஓர் உடன்பிறப்பு உண்டு.

இது புதிய செய்தியுமன்று. கேமரன் மலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். 1948ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வண்டி, பின்னாளில் திறந்த தட்டோடும் கிடைத்தது. இருக்கைகளோடு மூடிய வண்டியாகவும் கிடைத்தது. மலைச்சரிவில் முட்டைக்கோசும் தக்காளியும் பயிரிட்டவர்கள் எதைத் தேடினார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, முன்பாதி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாலையைப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு பின்பாதியில் இருக்கிறது. ஆனால் வண்டியைத் தேர்ந்தெடுப்பவரோ பெரும்பாலும் முன்னிருக்கையில் அமர்ந்து பார்த்தே முடிவு செய்துவிடுகிறார்!

பிக்கப்பின் பின்சக்கரங்களுக்கு மேலே, பட்டறைக்காரர்கள் லீஃப் ஸ்பிரிங் என்பார்களே, இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்த வில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு டன் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அது. 50 கிலோ உர மூட்டைகள் பத்தைத் தட்டில் ஏற்றிப் பாருங்கள். வண்டி அடங்கி ஒழுங்காக ஓடும். தட்டு வெறுமையாக இருந்தால், ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் துள்ளும். மழையில் நனைந்த தார்ச்சாலையின் வளைவில் விரைந்தால், எடையில்லாத பின்சக்கரங்கள் வழுக்கவும் கூடும். ஃபோர்ச்சூனரில் அவ்விடத்தில் சுருள்வில் இருக்கிறது. சுமையைக் காட்டிலும் அமர்ந்திருப்பவரின் முதுகை எண்ணிச் செய்தது அது.

நீளத்திலும் வேறுபாடு உண்டு. எங்கள் ஹைலக்ஸின் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு 3,085 மில்லிமீட்டர். ஃபோர்ச்சூனரில் 2,745 மில்லிமீட்டர். 340 மில்லிமீட்டர் என்பது மாணவர் கையிலுள்ள 30 சென்டிமீட்டர் அளவுகோலைவிடச் சற்றே கூடுதல். தாளில் சிறிது, பள்ளி வாயிலில் பெற்றோர் வண்டிகள் நெருக்கியடிக்கும் பகல் ஒரு மணிக்குத் திரும்பிப் பாருங்கள், அந்த அளவுகோலின் அருமை புரியும்.

பின்னிருக்கைக்கு வருவோம். இரட்டை அறை பிக்கப்பில் பின்னிருக்கையின் முதுகுக்கு அப்பால் இரும்புச் சுவர், அதற்கப்பால் தட்டு. ஆகவே முதுகுச் சாய்மானம் நிமிர்ந்தே நிற்கும். ஃபோர்ச்சூனரின் நடுவரிசையைச் சாய்த்துக்கொள்ளலாம். எங்கள் அம்மாவுக்கு வயது எழுபத்தாறு, மூட்டுவலிக்காரர். கோலாலம்பூருக்கு மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லும்போது அண்ணன் வண்டியையே கேட்பார். “உன் வண்டியில வந்தா மூட்டை மாதிரி வந்து இறங்குறேன்டி, அண்ணன் வண்டியிலதான் மனுஷி மாதிரி வந்து இறங்குறேன்” என்பது அவர் தீர்ப்பு. எத்தனை வாகன இதழ்கள் படித்தாலும் இதைவிடச் சுருக்கமான ஒப்பீட்டை நான் கண்டதில்லை.

ஆனால் அதே அம்மாவின் வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கியபோது அழைப்பு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கோயில் திருவிழாவுக்கு அண்டாக்கள், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரக் கம்பிகள், தோட்டத்துக்குக் கோழி எரு என எல்லாம் எங்கள் தட்டில்தான் ஏறும். டுரியான் பருவம் ஒன்றில் அண்ணன் பத்துப் பழங்களை ஃபோர்ச்சூனருக்குள் ஏற்றி வந்தார். அண்ணி மூன்று நாள் அவ்வண்டியில் ஏறவில்லை. மறுபுறம், திறந்த தட்டில் புத்தகப் பெட்டிகளை அப்படியே ஏற்றிவிட முடியாது. நம் நாட்டு மழை சொல்லிவிட்டு வருவதில்லை. மூடி போட வேண்டும், பூட்டும் வேண்டும், அவற்றுக்கும் செலவு உண்டு. ஃபோர்ச்சூனரில் மூன்றாம் வரிசை இருக்கைகளைப் பக்கவாட்டில் மடக்கினாலும் அவை இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்கும்.

இனிப் பணக் கணக்கு. நம் நாட்டில் பிக்கப் சரக்கு வாகனமாகக் கருதப்படுவதால் வரிச்சுமை குறைவு, எஸ்.யு.வி. பயணிகள் வாகனம் என்பதால் கூடுதல். ஒரே இயந்திரம், ஒரே சட்டம் இருந்தும் விலையில் பெரும் இடைவெளி தோன்ற இது முதன்மைக் காரணம். வகைக்கு வகை விலை மாறும் என்பதால், எடுத்துக்காட்டாக 50,000 ரிங்கிட் வேறுபாடு என்று கொள்வோம். அத்தொகைக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு நிலைவட்டி, ஒன்பதாண்டுத் தவணை என்றால் வட்டி 13,500 ரிங்கிட். மொத்தம் 63,500 ரிங்கிட். 108 மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 588 ரிங்கிட். அதாவது, சாயும் இருக்கைக்கும் சுருள்வில்லுக்கும் நாம் மாதந்தோறும் கொடுக்கும் கூடுதல் தொகை 588 ரிங்கிட். அண்ணனைப் போல் முதியவரை அடிக்கடி நெடுந்தொலைவு அழைத்துச் செல்பவருக்கு அது தகும். மற்றவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எரிபொருளில் அவ்வளவு வேறுபாடு இல்லை. இரண்டின் கலனும் 80 லிட்டர் கொள்ளும். ஆனால் இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் வந்தது. தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகை முறை மாறி, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக ஒரே நாளில் உயர்ந்தது. 172 ரிங்கிட்டுக்கு நிறைந்த கலன் 268 ரிங்கிட் கேட்டது. தகுதியுள்ள தனிநபர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஒன்பதாண்டுக் கடனில் வாங்கும் எவரும் இன்றைய எண்ணெய் விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பதை அந்நாள் உணர்த்தியது.

“எங்கள் பள்ளிச் சாலை மோசம், வெள்ளம் வேறு வரும், அதற்காகத்தான் நான்கு சக்கர இயக்கம்” என்பார்கள். இதிலும் இரண்டும் சமமே. எங்கள் இரு வண்டிகளிலும் அவ்வியக்கத்தைத் தேவைப்படும்போது மட்டுமே போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் பல்லிணைகளுக்குக் கேடு. கடக்கத்தக்க நீரின் ஆழமாக உற்பத்தியாளர் குறிப்பது இரண்டுக்கும் 700 மில்லிமீட்டர். அது அசையாத நீருக்கும் அடித்தரை தெரிந்த இடத்துக்கும் உரிய அளவு. 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைப் பகாங் மக்கள் மறந்திருக்க மாட்டோம். ஓடும் நீர் வண்டியின் விலையைப் பார்ப்பதில்லை. அத்தகைய நாளில் சிறந்த வண்டி, வீட்டில் நிற்கும் வண்டிதான்.

அப்படியானால் எதை வாங்குவது? எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர் இக்கேள்வியோடு வந்தபோது நான் விடை கூறவில்லை, வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள். தந்தையாருக்கு ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டம். அவர் எஸ்.யு.வி. வேண்டும் என்றார், கணவர் பிக்கப்தான் என்றார். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று பத்திகள் வரைந்து, நான்கு வாரங்களுக்கு நாள்தோறும் எழுதச் சொன்னேன்: பின்னால் யார் அமர்ந்தார்கள்? என்ன ஏற்றினோம்? எந்தச் சாலையில் சென்றோம்?

இருபத்தெட்டு நாள்களில் பிள்ளைகள் பின்னிருக்கையில் அமர்ந்தவை இருபத்து மூன்று நாள்கள். சுமை ஏற்றத் தேவைப்பட்டவை நான்கு நாள்கள். இரண்டு முறை குலை, இரண்டு முறை உரம். ஐந்து பேருக்கு மேல் சென்ற நாள் ஒன்றுமில்லை. செம்மண் சாலை என்பது தந்தையாரின் தோட்டத்துக்குச் செல்லும் மூன்று கிலோமீட்டர் மட்டும். பள்ளிக்குச் செல்லும் வழி முழுவதும் தார்.

புத்தகத்தை மூடிவிட்டு அவரே சொன்னார்: “சுமை அப்பாவுடையது, டீச்சர், பிள்ளைகள்தாம் என்னுடையவர்கள்.” ஒன்பதாண்டுக் கடன் திட்டத்தை அவர் கைவிட்டார். தந்தையாரின் பெயரில் பழைய பிக்கப் ஒன்றை வாங்க மகளும் மருமகனும் ஒரு பங்கு கொடுத்தார்கள். தம்முடைய பழைய மைவியில் குழந்தை இருக்கைகள் இரண்டைப் பொருத்தி அதையே ஓட்டிவருகிறார். இது எல்லாருக்கும் பொருந்தும் விடையன்று. அவர் புத்தகம் அவருக்குக் கூறிய விடை. உங்கள் புத்தகம் வேறொன்று கூறலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். பள்ளி முடிந்ததும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேரைப் பிக்கப்பின் திறந்த தட்டில் ஏற்றிச் செல்லும் காட்சியைத் தோட்டப்புறங்களில் இன்றும் காண்கிறேன். உதவும் எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் பின்னிருக்கையில் இருப்பவரும் பாதுகாப்புப் பட்டை அணிய வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கையும் கட்டாயமாக்கப்பட்டது. தட்டில் பட்டை ஏது, இருக்கை ஏது? வெறுந்தட்டு வேகத்தடையில் துள்ளும் என்று மேலே எழுதினேன். இருபது கிலோ எடையுள்ள பிள்ளை அந்த வில்லுக்குச் சுமையே அன்று. தட்டு துள்ளினால் பிள்ளையும் துள்ளும். பிடித்துக்கொள் என்று சொல்வது பாதுகாப்பாகாது.

ஆசிரியர்களாகிய நாமும் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இதை நினைவில் கொள்வோம். வேன் கிடைக்கவில்லையா? மகிழுந்துகள் போதவில்லையா? இருக்கின்ற வண்டியில் இருக்கைக்கு ஒருவராக அமர்த்தி இரண்டு நடை போவோம். போட்டிக்குச் சற்றுத் தாமதமாகச் சென்றாலும் பரவாயில்லை.