கணுக்கால் ஆபரேஷனுக்குத் தொடையில் எதற்குப் பட்டை?

பி.காம். படிக்கிறவனுக்கு ஆர்த்ராஸ்கோப்பியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் என் அண்ணனின் வலது கணுக்கால். கபடியில் மூன்று முறை பிசகி, உள்ளே ஓர் எலும்புத் துணுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருடம் கேமராக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். இரண்டே இரண்டு சின்னத் தையல். கணுக்கால் வலியை அவன் பொறுத்துக்கொண்டான். இரண்டு நாள் அவனைத் தூங்கவிடாதது தொடை வலி. "ஆபரேஷன் கீழ, தொடை ஏண்டா இப்படிக் கடுக்குது?" என்றான்.

காரணம் டூர்னிக்கெட். பி.பி. பார்க்கும்போது கையில் சுற்றுவார்களே, அதே மாதிரி, இன்னும் அகலமான பட்டை. தொடையில் கட்டி, பெரும்பாலும் 250 முதல் 300 மி.மீ. பாதரச அளவுக்குக் காற்றடைத்து, காலுக்கு ரத்தம் போகாமல் நிறுத்திவிடுவார்கள். பி.பி. 120 உள்ள ஆளுக்கு இது இரண்டு மடங்குக்கும் மேல்! பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. 1904-இல் இந்தக் காற்றுப் பட்டையைப் பற்றி எழுதிய ஹார்வி குஷிங் மூளை அறுவை நிபுணர். அவர் மனதில் இருந்தது மண்டையோட்டு ஆபரேஷன். (தலையில் கட்ட நினைத்தது எப்படியோ தொடைக்கு இறங்கிவிட்டது.)

கிழித்துத் திறக்கிற ஆபரேஷனில் ரத்தம் தடையாக இருக்கும், சரி. ஆர்த்ராஸ்கோப்பியின் கதை வேறு. மூட்டுக்குள் உப்புநீரை ஓடவிட்டு உப்ப வைக்கிறார்கள். அந்த நீரின் அழுத்தமே சின்ன ரத்தக்குழாய்களின் கசிவைக் கட்டுப்படுத்துகிறது. மீறிக் கசிவதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனாலும் டாக்டர்களின் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். கணுக்கால் அவ்வளவு இடுக்கமான மூட்டு. இந்தக் கருவி நுழைய அது லாயக்கில்லாத இடம் என்று 1931-இல் மைக்கேல் பர்மன் எழுதினார். ஜப்பானின் மசாகி வாடனாபே 28 கணுக்கால்களில் செய்த அனுபவத்தை வெளியிட 1972 ஆகிவிட்டது. அத்தனை சின்ன இடத்தில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலும் படம் கலங்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் லண்டன் டாக்டர்கள் பட்டையோடும் பட்டை இல்லாமலும் செய்ததை ஒப்பிட்டு எழுதினார்கள். 2017-இல் குரோஷியாவின் ஜாக்ரெப் டாக்டர்கள், யாருக்குப் பட்டை யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு வந்தது. பட்டை இல்லாமலும் செய்ய முடியும் என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். பெரிய ஆய்வுகள் அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு ஏன் கட்டுகிறார்கள்? என் படிப்பை வைத்துப் பார்த்தால் இது கணக்கு எழுதும் விஷயம். தெளிவான படம், குறைகிற டென்ஷன் எல்லாம் டாக்டர் பக்கம் வரவு. தொடை வலி, மரத்துப்போவது, அபூர்வமாக நரம்புக் கோளாறு எல்லாம் நோயாளி பெயரில் பற்று. பட்டை இறுக்கும்போது நோயாளிக்கு உணர்வில்லை. தொடை கடுக்கும் நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லை. அண்ணனின் பில்லை வரி வரியாகப் பார்த்தேன், பஞ்சுக்குக் கூடத் தொகை போட்டிருந்தார்கள். அந்த இரண்டு நாள் வலி எந்த வரியிலும் இல்லை. ஒரு செலவு யார் புத்தகத்திலும் ஏறாவிட்டால், அதைக் குறைக்க யார் மெனக்கெடுவார்?

பட்டையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கட்டி வைக்கட்டும், காற்றை மட்டும் அடைக்காமல் ஆரம்பிக்கட்டும். படம் நிஜமாகவே கலங்கினால் அடைத்துக்கொள்ள எத்தனை நொடி ஆகும்? உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், பட்டையில் காற்றடைப்பீர்களா, எவ்வளவு நேரம் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காலில் முன்பு ரத்தம் உறைந்ததோ, ரத்த ஓட்டக் குறையோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.